கத்திக்கு முன்னால் ஒரு ஊசி

கழுத்து வீங்கிய எட்டு மாதக் குழந்தைக்குப் போடுவதற்காக, அடகுக் கடையில் கிடந்த தங்கச் சங்கிலியை வட்டி கட்டி மீட்டு வந்தார்கள். பெங்களூரு ஒக்கலிபுரத்தில், ரயில் பாதையை ஒட்டிய எங்கள் சந்தில் நடந்தது இது. பொன்னுக்குவீங்கி வந்தால் கழுத்தில் பொன் போட வேண்டும் என்பது நம் பாட்டிமார் வழக்கம். சங்கிலி போட்டு ஒரு வாரம் ஆயிற்று. வீக்கம் வடியவில்லை. நடுவில் சளி பிடித்தது. எலுமிச்சை அளவில் இருந்தது இரண்டே நாளில் சாத்துக்குடி அளவுக்கு ஏறிவிட்டது. பாட்டி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "சார், கொஞ்சம் வந்து பாருங்க சார். பாப்பா தலை ஒரு பக்கமா சாஞ்சே இருக்குது."

நான் மருத்துவன் இல்லை. பத்திரிகைகளுக்கு மருத்துவச் செய்திகள் எழுதுகிறவன். அதனால் தெருவில் யாருக்கு என்ன ரிப்போர்ட் வந்தாலும் என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். பாட்டி ஒரு துணிப்பையைக் கவிழ்த்தார். நான்கு மாத அலைச்சல் முழுதும் அதில் இருந்தது. ஒரு மருத்துவர் கழலை என்று சொல்லி, தடவ மருந்து எழுதியிருந்தார். இன்னொருவர் காசநோய்க் கட்டியாக இருக்கலாம் என்று பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார். மூன்றாம் இடத்தில் ஊசி குத்தி, தேநீர் வடிகட்டியதுபோல ஒரு நீரை எடுத்திருக்கிறார்கள். கழுத்து அன்றே தட்டையாகிவிட்டதாம். வீட்டில் பாயசம் வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டாம் நாள் பழையபடி நிரம்பிவிட்டது. நான்காவதாகப் போன தனியார் மருத்துவமனையில், உடனே அறுத்து எடுக்க வேண்டும், முகம் கோணிப்போக வாய்ப்பு உண்டு, கையெழுத்துப் போடுங்கள் என்றார்களாம். அந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகுதான் குடும்பம் மருத்துவமனைகளை விட்டுவிட்டுச் சங்கிலிக்குத் திரும்பியது. குழந்தையின் அம்மா கார்மெண்ட்ஸ் தொழிலாளி, அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். அவர்களுக்கு யாரும் நோயின் பெயரைக்கூடச் சொல்லியிருக்கவில்லை.

அந்த நோய்க்கு மருத்துவம் இருக்கிறது. கழுத்தை அறுக்காமலே பெரும்பாலான குழந்தைகளைக் குணப்படுத்தும் மருத்துவம், நாற்பது ஆண்டுகளாக உலகில் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு வேண்டிய மருந்து விலை உயர்ந்ததும் இல்லை. ஒக்கலிபுரத்துச் சந்திலிருந்து அந்த ஊசி போடும் அறை வரைக்குமான வழிதான் யாராலும் போடப்படாமல் கிடக்கிறது. இந்தக் கட்டுரை அந்த வழியைக் கேட்கிறது.

கடைசியாக அவர்கள் போன இடம் ஓர் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் அறுவைப் பிரிவு. நானும் உடன் போனேன். அன்று பணியில் இருந்த மருத்துவர் முதல் காரியமாக அறை விளக்கை அணைத்தார். சன்னல் திரையை இழுத்துவிட்டார். தன் செல்பேசியின் டார்ச்சைக் குழந்தையின் வீக்கத்துக்குப் பின்னால் ஒட்டிப் பிடித்தார். இருட்டில், உள்ளங்கையை மூடி டார்ச்சை வைத்தால் விரலிடுக்கு சிவக்குமே, அதைவிடப் பிரகாசமாக அந்த வீக்கம் முழுதும் ஒளிர்ந்தது. உள்ளே குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய தடுப்புகள் தெரிந்தன. குழந்தை அழவில்லை, சுவரில் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்துக் கையை நீட்டியது. "சதையோ சீழோ இருந்தா வெளிச்சம் இப்படி ஊடுருவாதும்மா. உள்ளே இருக்கறது தண்ணி. நிணநீர். இது கேன்சர் இல்ல, கேன்சரா மாறவும் மாறாது" என்றார். அந்தத் தாய் அழுததை அன்றுதான் பார்த்தேன். ஸ்கேனும் எம்.ஆர்.ஐ.யும் பிறகு உறுதிசெய்தன. ஆனால், பாதி வேலையை அந்த டார்ச் முடித்துவிட்டது.

நம் உடம்பில் ரத்தக்குழாய்கள் ஓடுவது எல்லோருக்கும் தெரியும். அவற்றிலிருந்து கசியும் நீரைத் திரட்டி மறுபடி ரத்தத்தில் சேர்க்கும் இன்னொரு குழாய் வலையும் இருக்கிறது. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்குச் சில லிட்டர் நீர் இப்படித் திரும்புகிறது. அதுதான் நிணநீர் மண்டலம். கரு உருவான ஐந்தாறு வாரங்களில், கழுத்துப் பக்கத்துச் சிரைகளிலிருந்து சிறு பைகளாக அது முளைக்கிறது என்பதை அமெரிக்காவில் புளோரன்ஸ் சேபின் என்ற பெண் ஆய்வாளர் 1902-லேயே காட்டினார். அந்த முளைகளில் சில மற்றவற்றோடு சேராமல் தனித்து நின்றுவிட்டால், நீர் போக வழியில்லாத குளமாகத் தேங்குகிறது. தொடக்கம் கழுத்தில் என்பதால் இந்தக் குறை அதிகம் காணப்படுவதும் அங்கேதான். நான்கில் மூன்று, தலையிலும் கழுத்திலும் வருகிறது. பாதிக் குழந்தைகளுக்குப் பிறந்தவுடனே தெரிந்துவிடும். ஏறக்குறைய 90 சதவீதம் பேருக்கு இரண்டு வயதுக்குள் வெளிப்பட்டுவிடும்.

கட்டி என்று சொல்கிறோமே தவிர, இது வளரும் கட்டி இல்லை. பிறவியிலேயே தவறாகக் கட்டப்பட்ட நிணநீர்க் குழாய். ஜெர்மானிய மருத்துவர் வெர்னர் 1843-ல் இதற்கு வைத்த சிஸ்டிக் ஹைக்ரோமா என்ற பெயர் இன்னமும் நம் மருத்துவமனைச் சீட்டுகளில் எழுதப்படுகிறது. 1982-ல் பாஸ்டனில் முல்லிகனும் குளோவாக்கியும், வளரும் கட்டிகளையும் குழாய்க் குறைபாடுகளையும் வேறு வேறாகப் பிரித்து வைத்த பிறகுதான் சிகிச்சையும் தெளிந்தது. இதிலும் இரண்டு வகை உண்டு. திராட்சைக் கொத்துபோலப் பெரிய அறைகள் கொண்டது ஒன்று. கடற்பஞ்சுபோலக் கண்ணுக்குத் தெரியாத பொடி அறைகளாலானது இன்னொன்று. நாக்கிலும் வாயின் அடியிலும் வருவது பெரும்பாலும் பஞ்சு வகை. இரண்டும் கலந்தும் வரும். எந்த வகை என்பதைப் பொறுத்தே எல்லாம் மாறுகிறது. ஆகவே, வகை தெரியாமல் யாரும் கத்தியையோ ஊசியையோ கையில் எடுக்கக் கூடாது.

"கிரகணத்தன்னிக்குக் காய் நறுக்கிட்டேன் சார்" என்று அந்தத் தாய் என்னிடம் தனியாகச் சொன்னார். மாமியாரிடம் சொல்லவில்லையாம். எட்டு மாதமாக அந்தக் குற்றவுணர்வைத் தனியாகச் சுமந்திருக்கிறார். இதைப் படிக்கும் எந்தத் தாயும் அப்படிச் சுமக்க வேண்டாம். இத்தகைய குழந்தைகளின் வீக்கத்திலிருந்து எடுத்த செல்களில், பிஐகே3சிஏ என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருப்பதை 2015-ல் ஆய்வாளர்கள் கண்டார்கள். கரு உருவான பிறகு, அதன் ஏதோ ஒரு செல்லில் தற்செயலாக நேரும் பிழை அது. அம்மாவிடமிருந்தும் வரவில்லை, அப்பாவிடமிருந்தும் வரவில்லை. அடுத்த குழந்தைக்கும் வருமோ என்ற பயமும் பொதுவாகத் தேவையில்லை. கர்ப்பத்தின் மூன்றாம் மாத ஸ்கேனில் சிசுவின் பிடரியில் நீர் கோத்திருப்பதாகச் சொன்னால் அது வேறு கதை. அதில் குரோமோசோம் கோளாறுகள் நிறைய இருக்கும், மரபணு ஆலோசனை அவசியம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நெடுங்காலம் இதற்கு அறுவைதான் ஒரே வழியாக இருந்தது. அறுவை மருத்துவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. அந்த வேலை எவ்வளவு கடினம் என்பதைச் சொன்னால்தான் ஊசியின் அருமை புரியும். இந்த நீர்ப்பைகளுக்கு எல்லைச் சுவர் கிடையாது. முருங்கைப் பிசின்போலச் சந்துபொந்தெல்லாம் புகுந்து உட்கார்ந்திருக்கும். கீழுதட்டை இழுத்துப் பிடிக்கும் முகநரம்பின் கிளை, நாக்கை அசைக்கும் நரம்பு, தோளைத் தூக்கும் நரம்பு, குரல்வளை நரம்பு, மூளைக்குப் போகும் தமனி எல்லாம் அதன் ஊடேதான் ஓடும். எட்டு மாதக் குழந்தைக்கு அந்த நரம்பு ஒரு நூல் கனம். முழுக்க எடுக்கப் பார்த்தால் நரம்பு போகும். நரம்பைக் காப்பாற்றி மிச்சம் வைத்தால் வீக்கம் திரும்பி வரும். சிரித்தால் உதடு ஒரு பக்கம் மட்டும் இறங்கும் ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தில் என்னவெல்லாம் கேட்க நேரும் என்பது நமக்குத் தெரியாதது இல்லை. ஆகவே, முதலில் கத்தி என்பதை நான் ஏற்கவில்லை. உலகின் பெரிய குழந்தை மருத்துவமனைகளும் பெரிய அறை வகைக்கு இன்று ஊசியைத்தான் முதலில் நினைக்கின்றன.

ஊசியின் கதை ஒரு நல்ல கவனிப்பில் தொடங்கியது. இந்த வீக்கத்தில் எப்போதாவது கிருமி தொற்றிச் சிவந்து காய்ச்சல் வந்தால், தொற்று ஆறும்போது வீக்கமும் சுருங்கிவிடுவதை மருத்துவர்கள் கண்டிருந்தார்கள். அப்படியானால் ஆபத்தில்லாத ஒரு தொற்றை நாமே உண்டாக்கினால் என்ன? ஜப்பானின் கியோத்தோவில் ஷுஹேய் ஓகிதாவும் கூட்டாளிகளும் இந்த வழியில் போனார்கள். தொண்டைப்புண் கிருமியான ஸ்ட்ரெப்டோகாக்கஸின் வீரியம் குறைந்த வகையை, பென்சிலின் கொண்டு செயலிழக்கச் செய்து தயாரித்த ஓகே-432 என்ற மருந்தை நீர்ப்பைக்குள் செலுத்தினார்கள். 1987-ல் முடிவை வெளியிட்டார்கள். பையின் உட்சுவர் அழற்சியுற்று, ஒன்றோடொன்று ஒட்டி, குளம் தூர்ந்துபோயிற்று. சுற்றியிருந்த நரம்புக்குச் சேதம் இல்லை. பின்னர் அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2009-ல் வெளியிட்ட ஆய்வு, பெரிய அறை வகையில் 94 சதவீதமும் கலப்பு வகையில் 63 சதவீதமும் நல்ல பலன் கண்டதாகச் சொன்னது. பஞ்சு வகையில் பலன் இல்லை. இந்த மூன்று செய்திகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதல் எண்ணை மட்டும் சொல்லி நம்பிக்கை விற்பது பாவம்.

ஓகே-432 நம் நாட்டில் எளிதாகக் கிடைப்பதில்லை. இங்கே குழந்தைகள் அறுவைப் பிரிவுகளில் பெரிதும் பயன்படுவது ப்ளியோமைசின். இதுவும் ஜப்பான் தந்ததுதான். ஹமாவோ உமேசாவா 1960-களில் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து கண்டெடுத்தது. 1977-லேயே அந்நாட்டு மருத்துவர்கள் இதைக் குழந்தைகளின் நீர்ப்பைக்குள் போட்டுப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். புற்றுநோய் மருந்து என்பதால் நம் அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. பெரிய அரசு மருத்துவமனை எதிலும் இருக்கக்கூடிய சாதாரணக் குப்பி.

புற்றுநோய் மருந்து என்ற சொல்லில்தான் எங்கள் சந்துக் குடும்பம் இன்னொரு முறை தடுமாறியது. குழந்தையின் சித்தப்பா மருந்தின் பெயரைச் செல்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு, "கேன்சர் இல்லேன்னு சொல்லிட்டு கேன்சர் மருந்து போடறாங்களே" என்று சத்தம் போட்டார். நியாயமான கேள்விதான். ஊசிக்கு முந்தின நாள் மருத்துவர் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பதில் சொன்னார். புற்றுநோய்க்கு இந்த மருந்து ரத்தத்தில் ஏற்றப்படுகிறது. இங்கே பைக்குள் மட்டும், குழந்தையின் எடைக்கு அளந்து சிறு அளவில் போகிறது. அங்கே செல்லைக் கொல்வது வேலை, இங்கே பையின் உட்சுவரை உலர வைத்து ஒட்டுவது வேலை. மொத்த அளவு ஒரு வரம்பைத் தாண்டினால் நுரையீரலைப் பாதிக்கும், அதனால்தான் ஒவ்வொரு முறையும் எவ்வளவு போட்டோம் என்று அட்டையில் எழுதுகிறோம், அந்த அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள் என்றார். சித்தப்பா அந்த அட்டையை பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறார்.

ஊசி போடுவது என்றதும் தடுப்பூசிபோல நினைக்க வேண்டாம். சின்னக் குழந்தை அசையக் கூடாது என்பதால் மயக்க மருந்து தருகிறார்கள். ஆறு மணி நேரத்துக்கு முன்பே பால், உணவு பற்றிக் கண்டிப்பான விதிகள் உண்டு. அல்ட்ராசவுண்ட் திரையில் பையைப் பார்த்துக்கொண்டே ஊசியை இறக்குகிறார்கள். திரையில் கறுப்பாகத் தெரியும் அறைக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி நுழையும். அதுதான் ஊசியின் நுனி. முதலில் நீரை உறிஞ்சி எடுக்கிறார்கள். பிறகு அதே ஊசி வழியாக மருந்து போகிறது. தடுப்பு இருந்தால் அடுத்த அறைக்கு இன்னொரு குத்து. நீரை மட்டும் எடுத்துவிட்டு மருந்து போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்தப் பாயசம் வைத்த நாள் சாட்சி. முடிந்ததும் தோலில் பிளாஸ்திரி ஒட்டவில்லை. ப்ளியோமைசின் போட்ட நேரத்தில் பிளாஸ்திரி ஒட்டிப் பிய்த்தால் அந்த இடம் கறுத்து நின்றுவிடுமாம். பஞ்சை வைத்துத் துணியால் சுற்றினார்கள். இப்படிச் சின்ன விஷயம் தெரிந்த கைகளிடம்தான் குழந்தையைக் கொடுக்க வேண்டும்.

அடுத்த மூன்று நாள் பொறுமை வேண்டும். காய்ச்சல் வரலாம், வீக்கம் முன்னைவிடப் பெரிதாகலாம். பெரும்பாலும் அது மருந்து வேலை செய்வதன் அடையாளம்; ஆனால், யாரும் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் வீட்டார் பயந்துபோய் வேறு இடத்துக்கு ஓடிவிடுவார்கள். சுருக்கம் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பிறகு மறுபடி ஸ்கேன், தேவையானால் மறுபடி ஊசி. இரண்டு மூன்று முறையில் முடிகிற குழந்தைகளும் உண்டு, அதற்கு மேலும் வேண்டியவர்களும் உண்டு. சில நாடுகளில் ப்ளியோமைசினுக்குப் பதிலாக டாக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைச் செலுத்துகிறார்கள். பிறந்த சிசுக்களுக்கு அதில் சர்க்கரை அளவு இறங்கும் ஆபத்து இருப்பதால் கண்காணிப்பு வேண்டும். எந்த மருந்து என்பதில் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. படம் பார்த்துப் போட வேண்டும் என்பதில் இல்லை.

ஊசி எட்டாத பஞ்சு வகைக்கு என்ன வழி? பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு வரை கையை விரிப்பார்கள். இன்று சிரோலிமஸ் இருக்கிறது. வாயால் சாப்பிடும் மருந்து. இதன் வரலாற்றை நம் பிள்ளைகளுக்குப் பாடமாக வைக்க வேண்டும். 1964-ல் பசிபிக் நடுவே, ராபா நுய் என்று தீவு மக்கள் அழைக்கும் ஈஸ்டர் தீவுக்குக் கனடாவிலிருந்து ஒரு மருத்துவக் குழு போனது. அது அள்ளி வந்த மண்ணிலிருந்த நுண்ணுயிரியிலிருந்து, மாண்ட்ரியலில் ஒரு மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்த சுரேந்திர நாத் செகல் இந்த மருந்தைப் பிரித்தெடுத்தார். பிரிவினைக்கு முந்தைய பஞ்சாபில் பிறந்து, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1980-களின் தொடக்கத்தில் நிறுவனம் மாண்ட்ரியல் ஆய்வுக்கூடத்தை மூடி, சரக்குகளை அழிக்கச் சொன்னபோது, அவர் அந்த நுண்ணுயிரியைக் கொஞ்சம் எடுத்துத் தன் வீட்டுக் குளிர்பெட்டியில் பத்திரப்படுத்தினார். வேறு ஊரில், வேறு நிர்வாகத்தின் கீழ் ஆய்வைத் தொடர்ந்தார். 1999-ல் சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்கான மருந்தாக அமெரிக்கா அதை ஏற்றது. செல் வளர்ச்சிக்குக் கட்டளையிடும் எம்டார் என்ற புரதத்தை அது அடக்குகிறது. முன்பு சொன்ன மரபணுப் பிழை தூண்டிவிடுவதும் இதே வழியைத்தான். ஆகவே பூட்டும் சாவியும் பொருந்தின. 2016-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், சிக்கலான குழாய்க் குறைபாடு கொண்ட 57 பேரில் 47 பேருக்கு ஆறு மாதத்தில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. அதே மரபணு உண்டாக்கும் புரதத்தை நேரடியாக அடக்கும் அல்பெலிசிப் என்ற மருந்துக்கும், அந்த மரபணுப் பிழையால் வரும் மிகைவளர்ச்சி நோய்களுக்காக 2022-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அது இன்னும் நம் போன்றவர்களுக்கு எட்டாத விலை.

ஆனால், சிரோலிமஸ் எட்டாத பொருள் இல்லை. இந்த மருந்தின் மூலப்பொருளை நொதிக்க வைத்துத் தயாரிக்கும் நிறுவனங்களில் ஒன்று, 1978-ல் இதே பெங்களூரில் தொடங்கப்பட்ட பயோகான். ஈஸ்டர் தீவின் மண்ணில் பிறந்த மருந்தை உலகத்துக்கு விற்கிற நகரத்தில், ஒரு குழந்தை கழுத்தில் தங்கச் சங்கிலியோடு படுத்திருந்தது. இதை எழுதும்போதே எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. ப்ளியோமைசின், சிரோலிமஸ், டாக்சிசைக்ளினின் மூலம் மூன்றையும் தந்தது ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற ஒரே மண் நுண்ணுயிர்க் குடும்பம். கோடை மழை விழுந்ததும் பெங்களூரின் செம்மண்ணிலிருந்து எழும் வாசனையைத் தருவதும் அந்தக் குடும்பம்தான்.

சிரோலிமஸை மருந்துக்கடையில் வாங்கித் தாமாகக் கொடுத்துவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். உடலின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து அது. வாய்ப்புண் வரும், ரத்தக் கொழுப்பு ஏறும், சாதாரணத் தொற்றும் முற்றிவிடக்கூடும். ரத்தத்தில் மருந்தின் அளவை அவ்வப்போது பார்த்தே கொடுக்க வேண்டும். சில தடுப்பூசிகளை அந்தக் காலத்தில் தள்ளிவைக்க வேண்டியிருக்கும். நிறுத்தினால் வீக்கம் திரும்புவதும் உண்டு. அறுவையின் இடமும் போய்விடவில்லை. ஊசியில் சுருங்கி மிச்சம் நிற்பதை, பிள்ளை வளர்ந்த பிறகு சிறு அறுவையில் எடுப்பது நல்ல முடிவாக இருக்கலாம். எந்தத் தொந்தரவும் தராத சிறிய வீக்கத்தை ஒன்றும் செய்யாமல் கண்காணிப்பதும் சிகிச்சைதான். சில தாமாகவே வற்றிவிடுகின்றன.

அவசரம் எது என்பதை மட்டும் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நாக்கிலோ வாயின் அடியிலோ தொண்டைப் பக்கமோ வீக்கம் இருந்து, குழந்தை மூச்சை இழுத்து இழுத்து விட்டால், பால் குடிக்கத் திணறினால், உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால், அன்றைக்கே, அந்த மணிநேரமே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீக்கம் திடீரென்று பெரிதாகி நீலம் பாய்ந்தால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம். கருவிலேயே பெரிய கழுத்து வீக்கம் தெரிந்த சிசுவுக்கு, தொப்புள்கொடியை அறுக்கும் முன்பே மூச்சுக்குழாயைச் சரிசெய்யும் ஏற்பாடு தேவைப்படும். அந்தப் பிரசவம் எல்லா வசதியும் உள்ள இடத்தில்தான் நடக்க வேண்டும்.

இனி, வழி ஏன் அடைபட்டுக் கிடக்கிறது என்று பார்ப்போம். 2013-ல் மத்திய அரசு தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம், பிறந்தது முதல் 18 வயது வரை ஏறக்குறைய 30 வகைக் குறைகளைத் தேடிக் கண்டுபிடித்து இலவச சிகிச்சைக்கு அனுப்புகிறது. அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை மருத்துவக் குழு வருகிறது. அருமையான திட்டம். உதட்டுப் பிளவு, வளைந்த பாதம், பிறவி இதயக் கோளாறு, பிறவிக் கண்புரை, பிறவிச் செவிட்டுத்தன்மை என்று பிறவிக் குறைகள் ஒன்பது அதில் இருக்கின்றன. கழுத்து வீக்கம் இல்லை. ஆஷா பணியாளர் பிறந்த குழந்தையின் வீட்டுக்கு 42 நாட்களுக்குள் ஆறு முறை போகிறார். எடை பார்க்கிறார், காய்ச்சல் பார்க்கிறார், தொப்புளைப் பார்க்கிறார். கழுத்தை நிமிர்த்திப் பார் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எங்கள் சந்துக்கு வரும் ஆஷா அம்மாவிடம் கேட்டேன். "பார்த்தேன் சார். கொழுகொழுன்னு சதைன்னு நினைச்சேன்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

அடுத்தது, மருத்துவமனைக்கு உள்ளேயே இருக்கும் சுவர்கள். குழந்தைகள் அறுவைக்கு ஒரு கட்டடம், காது மூக்கு தொண்டைக்கு ஒன்று, ஸ்கேனுக்கு வேறொன்று, புற்றுநோய் மருந்து கையாள்பவர்கள் இன்னொரு பக்கம். இந்தக் குழந்தைக்கு இவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வேண்டும். ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குச் சீட்டு எடுத்துக்கொண்டு அலையும் ஒவ்வொரு நாளும் அந்தத் தாய்க்கு ஒரு நாள் சம்பளம். கார்மெண்ட்ஸில் மாதத்தில் நான்கு நாள் விடுப்பு எடுத்தால் வேலையே ஆட்டம் காணும். அறுவை என்றால் ஒரே தடவை, ஊசி என்றால் பல தடவை. பலர் கத்தியைத் தேர்ந்தெடுப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். காப்பீடு இந்தக் கணக்கை நேராக்க வேண்டும். கர்நாடகத்தில் 2018 முதல் ஆயுஷ்மான் பாரத் ஆரோக்கிய கர்நாடகா திட்டத்தில், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு இருக்கிறது. ஊசிக்காக வந்து போகும் ஒவ்வொரு முறையும், இடையில் எடுக்கும் ஸ்கேனும் எந்தக் கேள்வியும் இல்லாமல் அதில் அடங்க வேண்டும்.

ஒக்கலிபுரம், ஸ்ரீராமபுரம் பகுதித் தமிழர்களில் பலரின் தாத்தாக்கள் பின்னி மில்லிலும் மினர்வா மில்லிலும் வேலை பார்க்க வந்தவர்கள். பெரிய வியாதி என்றால் இன்றும் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி வேலூருக்குப் போகிறவர்கள் இங்கே ஏராளம். அங்கே தமிழில் பேசலாம் என்பது ஒரு தைரியம். அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால், ஆறு வாரத்துக்கு ஒரு முறை கைக்குழந்தையோடு இருநூறு கிலோமீட்டர் போய்வரத் தேவையில்லாத அளவுக்கு மருத்துவமனைகள் நிறைந்த நகரம் இது. வாணி விலாஸ் மருத்துவமனையும் இந்திரா காந்தி குழந்தைகள் நல நிறுவனமும் நகரப் பேருந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. அங்கே வாரத்தில் ஒரு நாள், ஒரே அறையில், குழந்தைகள் அறுவை மருத்துவர், தொண்டை மருத்துவர், படம் பார்த்து ஊசி போடும் கதிரியல் மருத்துவர், மயக்க மருத்துவர் நால்வரும் உட்கார்ந்து, பிறவிக் குழாய்க் குறைபாடு உள்ள குழந்தைகளை மட்டும் பார்க்கட்டும். அந்த நாளின் பெயர் கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் எங்கள் பகுதியின் சிறு அரசு மருத்துவமனையான நம்ம கிளினிக்கின் சுவரில் எழுதப்படட்டும். எந்தக் குழந்தைக்கு எத்தனை ஊசி, எவ்வளவு மருந்து, ஓராண்டு கழித்து எப்படி இருக்கிறது என்று ஒரு பதிவேடு பேணப்படட்டும். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம். இருக்கிற ஆட்கள் ஒரு காலைப்பொழுது சேர்ந்து உட்கார்ந்தால் போதும்.

தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் பட்டியலில் தம் தேவைக்கேற்பச் சில நோய்களைச் சேர்த்துக்கொள்ள மாநிலங்களுக்கு இடம் இருக்கிறது. கர்நாடகமும் தமிழ்நாடும் பிறவிக் கழுத்து, முக வீக்கத்தை இந்த ஆண்டே சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆஷா பணியாளரின் பையில் ஒரு சிறு டார்ச்சும், குழந்தையின் கழுத்தைப் பார்க்கும் அரை மணி நேரப் பயிற்சியும் அதற்குப் போதுமான முதலீடு.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. குழந்தையின் கழுத்தில், தாடையடியில், கன்னத்தில் மெத்தென்று வீக்கம் தெரிந்தால் சூடு வைக்காதீர்கள், யாரையும் கீற விடாதீர்கள், மருந்தில்லாமல் வெறும் நீரை உறிஞ்சி எடுக்கவும் விடாதீர்கள். குழந்தைகள் அறுவைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இது பெரிய அறையா, பஞ்சு வகையா, ஊசி போட முடியுமா என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் வேறு மருத்துவரிடம் கேளுங்கள்.

எங்கள் சந்துக் குழந்தைக்கு மூன்று ஊசி முடிந்துவிட்டது. கழுத்தின் வலப்பக்கம் தொட்டுப் பார்த்தால் ஒரு சுண்டைக்காய் அளவுக்குத் தட்டுப்படுகிறது, பார்வைக்குத் தெரியவில்லை. சிரித்தால் இரண்டு உதட்டோரமும் ஒன்றாகவே ஏறுகின்றன. நடக்கத் தொடங்கிவிட்டாள். சங்கிலி மறுபடி அடகுக் கடைக்குப் போய்விட்டது. நான்காம் ஸ்கேனுக்கு லீவு போட்ட நாட்களின் சம்பளத்தை அதைக் கொண்டுதான் சமாளித்தார்கள்.